சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் செடி வளர்க்க: செட்டிநாட்டு மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற வழி

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே விதையைக் கையில் எடுக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருக்கும், யார் எங்கே உட்காருவது என்பதே முடிவாகியிருக்காது, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வெயிலும் அப்போது இறங்கியிருக்காது. ஜூன் கடைசியில் மண்ணே இல்லாமல் ஈரத்துணியில் பயறு முளைகட்டுவதோடு தொடங்குங்கள், ஆடி பிறந்ததும் மண்ணுக்கு வாருங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வகுப்பறைக்கும் பொருந்தும். நம்ம பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்றாலும் ஆடியில் போட்டது அதற்குள் வேர்பிடித்து நின்றுவிடும்.

நான் சொல்லப்போவது அங்கன்வாடியிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பார்க்கிறவர்களுக்கு. இடம் வேண்டும், தோட்டம் வேண்டும், நிதி வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு ஜன்னல், ஒரு பெஞ்சு, கால் கிலோ பயறு போதும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெயர் எழுதிய தன் கப் இருக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு தொட்டி என்று வைத்தால் சுறுசுறுப்பான நாலு பிள்ளைகள் எல்லா வேலையும் செய்யும், மற்றதெல்லாம் எட்டி நின்று பார்க்கும், ஒரு வாரத்தில் அது டீச்சரின் செடியாகிவிடும். நாற்பது பேர் இருந்தால் நாற்பது கப்தான். சின்னதாக இருக்கட்டும், ஆனால் அவரவருடையதாக இருக்கட்டும்.

எதை விதைப்பது

முதல் வருடம் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, வெந்தயம், இந்த மூன்று போதும். பச்சைப்பயறு இரவு ஊறி மறுநாள் துணியில் கட்டினால் அதற்கடுத்த நாள் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். தட்டைப்பயறு மண்ணில் போட்டு 3 முதல் 5 நாளில் வெளியே வரும், விதை பெரிது, சின்ன விரல்களுக்குப் பிடிக்க வசதி. வெந்தயம் மூன்று வாரம், நாலு வாரத்தில் கீரையாகக் கிள்ளலாம். கொத்தமல்லி வேண்டாம், முளைக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நாள் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காது. தக்காளி, மிளகாயும் இப்போது வேண்டாம். பூ வேண்டும் என்றால் செண்டுமல்லி போடுங்கள்.

விதை சமையலறையிலிருந்தே வரட்டும். உரக்கடைப் பாக்கெட்டில் ரோஸ், நீலம் என்று சாயம் பூசி வரும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியிருக்கும், எதையும் வாயில் வைக்கும் வயதில் அதைக் கையில் கொடுக்கவே கூடாது. வீட்டுப் பயறு பழசா புதுசா என்று தெரியாது என்பதால், வகுப்பில் போடுவதற்கு முன் நீங்களே 10 விதையை ஈரத்துணியில் சுற்றி மூன்று நாள் வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, முதல் நாள் என்ன செய்வது? "முளைக்கும் என்று நீ நினைக்கிற எதையாவது வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி கொண்டு வா, அப்பத்தாவையோ ஆயாவையோ கேட்டுப் பார்" என்று சொல்லி அனுப்புங்கள். மறுநாள் என்னென்ன வரும் என்று நினைக்கிறீர்கள்? பயறு வரும், நெல் வரும், அரிசி வரும், துவரம் பருப்பு, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, கடையில் வாங்கிய உப்புக்கடலைகூட வரும். எதையும் "இது முளைக்காதுடா" என்று தள்ளிவிடாதீர்கள். சத்துணவுக்கு முட்டை வரும் காகித அட்டை ஒன்று வாங்கி வையுங்கள், அதில் 30 குழி இருக்கும். குழிக்கு ஒரு துண்டு ஈரத்துணி, அதன்மேல் ஒரு வகை விதை, பக்கத்தில் கொண்டுவந்த பிள்ளையின் பெயர். நாலு நாள் காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்க்கட்டும்.

நாலாம் நாள் அட்டையைச் சுற்றிப் பிள்ளைகள் குனிந்து நிற்கும்போது பாடப்புத்தகம் தேவைப்படாது. உடைத்த பருப்பு கொழகொழவென்று நாறும், பொட்டுக்கடலை ஊறிக் கிடக்கும், பக்கத்துக் குழியில் முழுக் கொண்டைக்கடலை மூக்கு நீட்டியிருக்கும். அரிசி கொண்டுவந்த பிள்ளைக்குத்தான் பெரிய ஏமாற்றம், சோறு ஆக்குகிற அரிசி ஏன் முளைக்கவில்லை என்று கேட்கும். அப்போது ஒரு பச்சரிசியைக் கையில் கொடுத்து அதன் ஒரு முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடித்து எடுத்தாற்போல் சின்னதாக ஒரு குழி இருக்கும். முளை இருந்த இடம் அது, மில்லில் தீட்டும்போது போய்விடுகிறது. புழுங்கலரிசி என்றால் நெல்லை அவித்தபோதே உயிர் போயிருக்கும். அவிக்காத நெல் மட்டும் முளைக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரிகிறது, வீட்டுக்குப் போய் மொத்தக் குடும்பத்துக்கும் சொல்லும்.

ஆபத்தான விதைகளை இந்தச் சமயத்திலேயே பேசிவிடுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கக் குன்றிமணி பொறுக்கும் பழக்கம் இருக்கிறது, அழகாக இருப்பதால் பையில் போட்டுக்கொண்டும் வரும். அதைக் கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காட்டாமணக்கு, ஆமணக்கு, ஊமத்தை, அரளி இவையும் வகுப்புக்குள் வரக்கூடாது. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. இன்னொன்று, சின்னதுகள் பயறை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும். அப்படி நடந்தால் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், குச்சி விட்டு நோண்டவும் வேண்டாம், ஈரம் பட்டால் விதை ஊதிக்கொள்ளும். நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நாலு வயதுக்குக் கீழ் என்றால் விதையை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

மண்ணும் பாத்திரமும்

நம்ம ஊர்ச் செம்மண் சரளை கலந்தது, காய்ந்தால் கல்லாக இறுகிவிடும், அப்படியே கப்பில் போட்டால் முளையால் முட்டி வர முடியாது. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணி எரு. சல்லடையில் சலித்து, சாக்கில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கண்ணாடித் துண்டு, ஆணி, பூச்சி எல்லாம் அப்போதே கண்ணில் பட்டுவிடும். கலப்பது மட்டும் பிள்ளைகள் செய்யட்டும். வெளியே கல்லைப் புரட்டி மண் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், செம்மண் மேட்டில் கல்லுக்கடியில் தேள் இருக்கும். அதனாலேயே தொட்டியைத் தூக்கி நகர்த்துவதும் பெரியவர் வேலை. மண் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவாமல் யாரும் சாப்பிடப் போகக்கூடாது, நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

பாத்திரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தயிர் டப்பா, ஐஸ்கிரீம் கப், தேங்காய்ச் சிரட்டை எதுவும் சரி. டப்பாவின் அடியில் ஆணியைச் சுட்டு மூன்று ஓட்டை போடுவது நீங்கள். சிரட்டை என்றால் கண் இருக்கும் பாதியை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும், குச்சியால் குத்தினால் அதுவே ஓட்டையாகிவிடும், எந்தக் கண் என்று தேடுவதே பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பனையோலைக் கொட்டானில் நட்டால் பார்க்க அழகுதான், ஆனால் ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும். டப்பாவை உள்ளே வைத்து வெளியே கொட்டான் என்றால் சரி. வகுப்புக்கென்று நிரந்தரமாக இரண்டு பெரிய தொட்டி வேண்டும் என்று நினைத்தால் நம்ம மாவட்டத்து மானாமதுரை மண்பாண்டத்தையே வாங்குங்கள், மண்தொட்டி வேர்ச்சூட்டைத் தணிக்கும்.

விதையை எவ்வளவு ஆழம் போடுவது என்று பிள்ளைக்குச் சொல்ல எளிய அளவு, நகம் மறையும் அளவு. கப்புக்கு மூன்று தட்டைப்பயறு. வெந்தயத்தைத் தூவி மேலே லேசாக மண் மூடினால் போதும்.

தண்ணீர்

அதிகமான செடிகள் சாவது தண்ணீர் இல்லாமல் இல்லை, பாசத்தில் ஊற்றிய தண்ணீரால்தான். மக்கைக் கையில் கொடுத்தால் ஒரே ஊற்றில் விதை மிதந்து வெளியே வரும். தண்ணீர் பாட்டிலின் மூடி ஒன்றை அளவாக வையுங்கள்: ஒரு கப்புக்கு ஒரு நாளைக்கு மூன்று மூடி. எண்ணிக்கொண்டே ஊற்றும், எண்ணும் படிந்துவிடும். ஊற்றுவதற்கு முன் விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றது தானாக வரும். பள்ளியின் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை படியும், நுனி இலை கருகும். மழை பெய்கிற நாளில் ஒரு வாளியைக் கூரை விளிம்புக்கடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்த வீடுகள் இருக்கிற ஊர் இது, பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்புக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும்.

வெளிச்சமும் முளைப்பாரியும்

பழைய ஓட்டுக் கட்டடங்களில் நடக்கும் பள்ளிகளில் சுவர் கனமாகவும் ஜன்னல் சின்னதாகவும் இருக்கும். உள்ளே குளுகுளுவென்று இருக்கும், செடிக்கு வெளிச்சம் போதாது. காலை வெயில் படும் ஜன்னலோரமோ திண்ணையோ பார்த்து வையுங்கள். மேற்கு வெயில் வேண்டாம், சின்ன டப்பாவில் வேர் வெந்துவிடும். திண்ணை என்றால் ஆடு, கோழி, அணில் மூன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். குன்றக்குடிப் பக்கத்து ஊர்களில் மயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே காலையில் மொத்த வரிசையையும் கொத்திப் போட்டுவிடும். காய்கறிக்கடையில் கேட்டால் பழைய பிளாஸ்டிக் கூடை கிடைக்கும், கவிழ்த்து மூடி வையுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல நம்ம பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே பார்த்த உதாரணம் இருக்கிறது. அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி தூக்கிப் போவதைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. நவதானியத்தை எருவும் வைக்கோலும் போட்ட ஓட்டில் தூவி, இருட்டு அறையில் வைத்து, ஒரு வாரம், பத்து நாள் காப்பாற்றி வளர்ப்பார்கள். அது ஏன் வயலில் இருக்கும் பயிர்போல் பச்சையாக இல்லாமல் வெளிறிய மஞ்சளாக, ஒல்லியாக, ஒரே உயரமாக இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஒரே நாளில் விதைத்த இரண்டு கப் எடுத்து, ஒன்றை ஜன்னலில் வைத்து, ஒன்றை அட்டைப்பெட்டிக்குள் மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது பெட்டிக்குள் இருந்தது உயரமாகவும் மஞ்சளாகவும் நிற்கும், ஜன்னலில் இருந்தது குட்டையாகப் பச்சையாக நிற்கும். "டீச்சர், முளைப்பாரி!" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அப்புறம் சொல்லுங்கள்: வெளிச்சம் கிடைக்காத செடி அதைத் தேடி நீளும், பச்சை நிறம் உண்டாக வெளிச்சம் வேண்டும், அதுவரை விதைக்குள் சேர்த்து வைத்த சாப்பாட்டில்தான் அது வளர்கிறது. பெட்டிச் செடியை ஜன்னலுக்குக் கொண்டுவந்தால் இரண்டொரு நாளில் பச்சையாகும், அதையும் பார்க்கட்டும். முளைப்பாரி வளர்க்கும் வீட்டிலிருந்து ஒரு அப்பத்தாவை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொன்னால் உங்களைவிடவும் என்னைவிடவும் அருமையாகச் சொல்வார்.

பார்ப்பதற்கென்று ஒரு பாட்டில்

பிள்ளைகள் விதையைத் தோண்டிப் பார்க்கும், தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கென்றே ஒரு கண்ணாடி போன்ற தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டி, உள்சுவரை ஒட்டிப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் சுவருக்கும் நடுவில் தட்டைப்பயறைச் சொருகுங்கள். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். முதலில் தோல் சுருங்கும், அப்புறம் ஊதி வெடிக்கும், வேர் வெளியே வந்து கீழே திரும்பும், பக்க வேர்கள் முடிபோல் கிளம்பும், அதற்கப்புறம்தான் தண்டு கொக்கிபோல் வளைந்து, இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். கொண்டைக்கடலையையும் ஒன்று சொருகி வைத்தால், அது பருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அனுப்புவது தெரியும். வேர் நீண்டதும் பாட்டிலைப் படுக்க வைத்து இரண்டு நாள் விடுங்கள். வேர் வளைந்து மறுபடி கீழேயே போகும்.

அளப்பதற்கு ஸ்கேல் வேண்டாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டை கிழித்து, நோட்டில் வரிசையாக ஒட்டட்டும். நாலு வாரத்தில் படிக்கட்டுபோல் ஏறும், அதுதான் அந்தப் பிள்ளையின் முதல் வரைபடம். விரற்கடை, சாண் என்று சொல்லிப் பழகட்டும். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் செயல்பாடுகளுக்கே நேரம் சரியாக இருக்கிறது, இதற்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். தனியாகப் பாடவேளை ஒதுக்க வேண்டாம். மூடி எண்ணுவது கணக்கு, 'வேர்', 'தண்டு', 'இலை' என்று எழுதி ஒட்டுவது தமிழ். காலையில் பத்து நிமிடம் போதும். செடியைப் பார்த்து வரைந்த படத்தை மட்டும் திருத்தாதீர்கள். மூன்று இலை இருக்கும் செடிக்கு மூன்று இலை போட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே திருத்திக்கொள்ளும்.

ஒரு செடி செத்துப்போனால்

நிச்சயம் நடக்கும். தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் கருத்து, மெலிந்து, சாய்ந்துவிடும். ஈரம் அதிகமானால் வரும் பூஞ்சை இது. பல பேர் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அந்தக் கப்பில் வேறு செடியை நட்டு வைத்துவிடுகிறார்கள். அன்பினால் செய்கிறார்கள் என்று தெரியும், ஆனாலும் செய்யாதீர்கள். தன் செடியின் வளைவு நெளிவு வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், மாற்றினால் கண்டுபிடித்துவிடும். அதைவிட முக்கியம், தான் பார்த்ததை நம்பலாம் என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது, அதைக் கெடுக்கக்கூடாது. எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளைக்கு மூன்று விதையும் முளைக்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து கரண்டியால் கிளறிப் பார்த்தோம். விதை அழுகி, அழுத்தினால் வெள்ளையாகப் பிதுங்கியது, முகர்ந்து பார்த்துவிட்டு "தண்ணி நாத்தம்" என்று அதுவே சொன்னது. அடுத்த கப்பில் அந்தப் பிள்ளை விரலை விட்டுப் பார்க்காமல் ஒரு மூடிகூட ஊற்றவில்லை. இதற்காகவே முதல் நாளே நாலைந்து கப் கூடுதலாக விதைத்து 'பொது' என்று எழுதி வையுங்கள். செடி போன பிள்ளை அதிலிருந்து தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், எல்லாருக்கும் தெரியவே.

வெந்தயக்கீரை ஒரு சாணில் பாதி வந்ததும் கிள்ளிக் கழுவி, சத்துணவு சமைக்கும் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். முப்பது கப் கீரை ஒரு சாம்பாரில் காணாமல் போய்விடும்தான். ஆனாலும் அன்றைக்குக் கீரையை ஒதுக்கி வைக்கிற பிள்ளைகள்கூடத் தட்டில் பச்சை எங்கே என்று தேடும்.

கொஞ்சம் பழகிய பிறகு

இரண்டாம் வருடம் இரண்டு காரியத்துக்குத் துணியலாம். ஒன்று நிலக்கடலை. தோல் உரியாத பச்சைப் பருப்பாகச் சந்தையில் வாங்கி, ஓட்டை போட்ட சிமெண்டு சாக்கில் மணல் கூடுதலாகக் கலந்த மண்ணில் ஆடியில் போடுங்கள். ஒரு மாதத்தில் அடித்தண்டில் மஞ்சள் பூ வரும். காலையில் விரிந்தது மதியத்துக்கு மேல் வாடிவிடும் என்பதால் பிரேயர் முடிந்த கையோடு கூட்டிப்போய்க் காட்டுங்கள். அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து குச்சிபோல் ஒன்று கீழ்நோக்கி வளரும், விழுது இறங்குகிறது என்பார்கள். அது மண்ணுக்குள் போனால்தான் நுனி காயாகும். ஒரு பூவுக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்தால் எது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்க்கலாம், விழுது இறங்கும் சமயத்தில் மேல்மண்ணைக் கிளறாதீர்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் 105 நாள் வாக்கில் பிடுங்கலாம். வேரில் இருக்கும் சின்ன முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து சத்துப் பிடிக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு அது.

இன்னொன்று பனங்கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது கொட்டைகளைச் சேர்த்து, பள்ளி மூலையில் இரண்டடி உயரம் மணல் மேடு போட்டு, மேலே நெருக்கி அடுக்கி மண் மூடுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும், மழை வந்தால் அதுவும் வேண்டாம். பொங்கல் வாக்கில் மேட்டைத் தோண்டி, கிழங்கை அவித்து, எல்லாரும் தின்னலாம். கொட்டையை அரிவாளால் பிளந்து உள்ளிருக்கும் தவுணை, அதாவது தின்கிற வெள்ளைப் பருப்பை, எடுப்பது பெரியவர் வேலை.

விடுமுறைக்கு

சனி, ஞாயிறுக்கு ஒரு வாளித் தண்ணீரைச் சுற்றிக் கப்புகளை வைத்து, பழைய வேட்டித் துணியைத் திரியாகக் கிழித்து, ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை மண்ணிலும் இருக்கும்படி போட்டுவிடுங்கள். வாளி கப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தீபாவளிக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் கப்பை வீட்டுக்கே கொடுத்து அனுப்புங்கள், கூடவே மூன்று மூடி கணக்கையும் ஒரு சீட்டில் எழுதி. சிலது திரும்பி வராது, வீட்டுக் கொல்லையில் நட்டிருப்பார்கள், நல்லதுதான்.

மே மாத விடுமுறைக்கு எதையும் உயிரோடு காப்பாற்ற முயல வேண்டாம், பூட்டிய பள்ளியில் அக்னி நட்சத்திர வெயிலில் எதுவும் தாங்காது. அதற்குமுன் விதையெடுத்து முடித்துவிடுங்கள். தட்டைப்பயறு நெற்று செடியிலேயே காய்ந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்போது பறிக்கலாம். உரித்த விதையை மூன்று நாள் நிழலில் உலர்த்தி, கடித்தால் பல் பதியாத பதத்துக்கு வந்ததும் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து, காய்ந்த பாட்டிலில் போட்டு இறுக்க மூடுங்கள். பெயரும் மாதமும் எழுதிய சீட்டை வெளியே ஒட்டுங்கள், எழுதுவது பிள்ளைகள். பீரோவில் மேல்தட்டில் வையுங்கள், கீழே என்றால் எறும்பும் கரையானும் முந்திக்கொள்ளும். ஜூனில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதிலிருந்து கொடுக்க, இப்போதைய பிள்ளைகளில் இரண்டு பேரைப் பொறுப்பாகப் போட்டுவிடுங்கள்.